மௌனமும் மனச்சான்றும்: தன்பாலீர்ப்புடையோர் குறித்த கத்தோலிக்க இறையியலாளர் வாதங்களின் வரலாறு (1969–2023)

முன்னுரை

சமய வரலாறு பெரும்பாலும் சங்கங்களின் தீர்மானங்களையும் தலைமைப்பீடத்தின் ஆவணங்களையும் சான்றுகளாகக் கொண்டு எழுதப்படுகிறது. அவ்வாவணங்கள் யாருடைய கருத்தை மறுத்து எழுதப்பட்டனவோ அவர்தம் வாதங்கள், மறுப்போர் தந்த சுருக்கத்தின் வழியாகவே பிற்காலத்தார்க்குக் கிடைக்கின்றன. தன்பாலீர்ப்புடைய விசுவாசிகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் முழுமையான இடம் வேண்டும் என வாதிட்ட இறையியலாளர்களின் வரலாறும் இத்தகையதே. இவர்கள் திருச்சபைக்கு வெளியே நின்று அதனைக் குறை கூறியவர் அல்லர். குருக்களாகவும் துறவியராகவும் பேராசிரியர்களாகவும் உள்ளிருந்தே வாதிட்டவர்கள். எனவே அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் ஒழுக்கவியல் சிக்கலாக மட்டும் அமையவில்லை. கீழ்ப்படிதல் வாக்குறுதி தந்த ஒருவர், தம் மனச்சான்று உண்மையெனக் கண்டதைப் பேசலாமா என்னும் சிக்கலாகவும் அது அமைந்தது. ஜான் மக்நீல், ராபர்ட் நியூஜென்ட், ஜெனீன் கிராமிக், ஜேம்ஸ் அலிசன், மார்கரெட் ஃபார்லி ஆகியோரை முதன்மையாகக் கொண்டு, இவ்வாதம் வளர்ந்த முறையையும் அது எதிர்கொண்ட ஆணைகளின் தன்மையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல் விளக்கம்

இப்பொருள் குறித்துத் தமிழில் நெடுங்காலம் வழங்கிவந்த சொல் 'ஓரினச்சேர்க்கை' என்பதாகும். இச்சொல் செயலை மட்டுமே சுட்டுகிறது. ஆளையோ, அவருள் அமைந்த ஈர்ப்பையோ, அவர் கொள்ளும் அன்பையோ சுட்டுவதில்லை. அண்மைக் காலத்தில் பரவிய 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல் உள்ளமைவை முதன்மைப்படுத்துகிறது. இவ்வேறுபாடு வெறும் சொல்லாட்சி பற்றியது அன்று. ஈர்ப்பு வேறு, செயல் வேறு என்னும் பகுப்பின் மீதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை எழுப்பப்பட்டுள்ளது. அப்பகுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இறையியலாளர்கள் எழுப்பிய முதல் வினாவாகும். ஆதலின் இக்கட்டுரையில் 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

பின்புலம்

திருச்சபையின் மரபுவழிப் போதனை இரு தூண்களின் மீது நிற்கிறது. ஒன்று, ஆணும் பெண்ணுமாக மனிதர் படைக்கப்பட்டனர் என்னும் தொடக்கநூற் செய்தி. மற்றொன்று, புனித தோமா அக்குவினாசால் வரையறை பெற்ற இயற்கைச் சட்டக் கொள்கை. இக்கொள்கையின்படி பாலுறவுச் செயல் மகப்பேற்றை நோக்கியதாக அமைதல் வேண்டும். அந்நோக்கத்திலிருந்து விலகிய செயல் நெறி பிறழ்ந்ததாகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஆவணம் இரு புதிய அழுத்தங்களைத் தந்தது. திருமணத்தை அன்பின் உடன்படிக்கையாக அது விளக்கியது. மனச்சான்றை மனிதர் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளிடமாக வருணித்தது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல், செயற்கைக் கருத்தடையை மறுக்கும் சுற்றுமடலை வெளியிட்டபோது, வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் கரன் தலைமையில் இறையியலாளர் பலர் மறுப்பறிக்கை வெளியிட்டனர். தம்பதியரின் ஒவ்வொரு செயலும் மகப்பேற்றை நோக்க வேண்டியதில்லை எனின், மகப்பேற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டு தன்பாலீர்ப்புடையோரின் அன்பை மறுத்தல் பொருந்துமா என்னும் வினா இதன் தொடர்ச்சியாக எழுந்தது. மாற்றவியலாத ஈர்ப்புடையோர்க்கு நிலையான இணைவு, நிறைநிலை அன்றாயினும், அறநெறிக்கு உட்பட்டதாக அமையலாம் எனக் கரன் 1970களில் எழுதினார். 1977இல் அமெரிக்கக் கத்தோலிக்க இறையியல் கழகத்தின் ஏற்பாட்டில் ஆந்தணி கொஸ்னிக் உள்ளிட்ட ஐவர் எழுதிய ஆய்வறிக்கை, தனிச்செயலை அன்றி உறவின் தன்மையை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றது. 1979இல் உரோமை அதனைக் கண்டித்தது.

இதனிடையே, 1969இல் அகுஸ்தீன் சபைக் குரு பேட்ரிக் நிடார்ஃப் தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்கிய சிறு குழு 'டிக்னிட்டி' என்னும் பெயரில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பரவியது. தன்பாலீர்ப்புடைய கத்தோலிக்கர் திருப்பலிக்கும் இறைவேண்டலுக்கும் ஒன்றுகூடிய முதல் அமைப்புகளுள் இது ஒன்றாகும். இறையியலாளர்களின் வாதத்திற்கு வேண்டிய வாழ்வனுபவச் சான்றுகள் இத்தகைய குழுக்களிலிருந்தே கிடைத்தன என்பது நோக்கத்தக்கது.

மக்நீல்: நூலும் ஆணையும்

ஜான் மக்நீல் 1925இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். பட்டினியால் வாடிய நாளொன்றில், அடிமைத் தொழிலாளி ஒருவர் காவலரின் கண்ணில் படாமல் தமக்கு ஓர் உருளைக்கிழங்கை எறிந்ததையும், தாம் நன்றி தெரிவித்தபோது அவர் சிலுவை அடையாளம் இட்டதையும் மக்நீல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தம் இறையழைத்தலுக்கு அந்நிகழ்வை ஒரு காரணமாக அவர் கூறுவதுண்டு. 1948இல் இயேசு சபையில் சேர்ந்து 1959இல் குருப்பட்டம் பெற்றார். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மெய்யியலாளர் மோரிஸ் பிளாந்தெல் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். உண்மையை வெறும் கருத்தாக அன்றி, வாழ்ந்து பார்க்கும் செயலின் வழியே அறிய வேண்டும் என்னும் பிளாந்தெலின் நோக்கு மக்நீலின் பிற்கால வாதத்திற்கு அடித்தளமாயிற்று.

1976இல் 'திருச்சபையும் தன்பாலீர்ப்பாளரும்' எனப் பொருள்படும் தலைப்பில் அவர்தம் ஆங்கில நூல் வெளிவந்தது. இந்நூல் சபைத் தலைமையின் நீண்ட பரிசீலனைக்குப் பின் முறையான அச்சிடும் அனுமதியோடு வெளிவந்தது என்பது முதன்மையான செய்தியாகும். நூலின் வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். தன்பாலீர்ப்பு என்பது பாவத்தின் விளைவன்று, படைப்பின் ஒரு பகுதி என்பது முதலாவது. அவ்வீர்ப்புடையோர் மனித குலத்திற்கு அளிக்கத்தக்க தனிக்கொடைகளைப் பெற்றுள்ளனர் என்பது இரண்டாவது. அவர்களிடையே நிலவும் உண்மையான அன்பு அறநெறியில் நல்லதாகவும் இறைவனிடம் இட்டுச் செல்வதாகவும் அமையலாம் என்பது மூன்றாவது.

திருநூல் விளக்கத்தில் சோதோம் நகரின் அழிவு பற்றிய பகுதியை மக்நீல் விரிவாக ஆராய்ந்தார். இதற்கு 1955இல் ஆங்கிலிக்க அறிஞர் டெரிக் ஷெர்வின் பெய்லி வெளியிட்ட ஆய்வு வழிகாட்டியது. எசேக்கியேல் நூலின் பதினாறாம் அதிகாரம் சோதோமின் குற்றமாகச் செருக்கையும் எளியோர்க்கு உதவாமையையும் குறிப்பிடுகிறது. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு, தம் சீடரை ஏற்றுக்கொள்ளாத ஊரைப் பற்றிப் பேசும்போது சோதோமை நினைவூட்டுகிறார். எனவே அந்நகரின் பாவம் விருந்தினரை ஏற்காத கொடுமையே என்பது மக்நீலின் முடிபு. வந்தவரை வெளியே நிறுத்திய பாவத்தைக் கண்டிக்கும் பகுதியே ஒரு சாராரை வெளியே நிறுத்துவதற்குச் சான்றாகப் பயன்பட்டுவந்தது எனும் முரணை இவ்விளக்கம் வெளிக்கொணர்ந்தது.

1977இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அச்சிடும் அனுமதியை நீக்குமாறும், இப்பொருள் பற்றி மக்நீல் பொதுவில் பேசாதிருக்குமாறும் ஆணையிட்டது. அவர் கீழ்ப்படிந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மேடையிலும் அச்சிலும் இப்பொருள் பற்றி வாய் திறக்கவில்லை; உளச்சிகிச்சையாளராகவும் ஆன்ம வழிகாட்டியாகவும் தனிப்பட்டோர்க்குத் தொண்டாற்றினார். தம் மௌனம் திருச்சபை சிந்திப்பதற்கு அவகாசம் தரும் என்பது அவருடைய எதிர்பார்ப்பாக இருந்தது.

1986: மௌனத்தின் முடிவு

1975 டிசம்பரில் அப்பேராயம் வெளியிட்ட பாலியல் அறநெறி பற்றிய அறிக்கை, தன்பால் செயல்களைத் தம்மியல்பிலேயே ஒழுங்கு பிறழ்ந்தவை என்றது. ஆயினும் அத்தகையோரைப் பரிவுடன் நடத்த வேண்டும் என்றும் கூறியது. இதனால் ஈர்ப்பு நடுநிலையானது, செயலே தவறானது எனப் பலர் விளக்கம் தந்தனர். 1986 அக்டோபர் முதல் நாளிட்டுக் கர்தினால் யோசேப்பு ராட்சிங்கர் கையொப்பத்துடன் ஆயர்களுக்கு விடுக்கப்பெற்ற மடல் இவ்விளக்கத்தை மறுத்தது. ஈர்ப்பு தன்னளவில் பாவமன்று எனினும், அது தீமையை நோக்கிய சாய்வு ஆதலின் புறநிலையில் ஒழுங்கு பிறழ்ந்ததே என அம்மடல் வரையறுத்தது. தன்பாலீர்ப்புடையோர் மீதான வன்முறையைக் கண்டித்த அதே மடல், அவர்தம் செயல்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும்போது வன்முறை மிகுவது வியப்பன்று எனும் பொருளிலும் பேசியது. திருச்சபைப் போதனையை ஏற்காத குழுக்களுக்கு ஆதரவளிக்கலாகாது என்றும் பணித்தது. இதன் விளைவாக டிக்னிட்டி குழுக்கள் பல, தாம் கூடிவந்த ஆலயங்களை இழந்தன.

வாதத்தின் களம் இம்மடலால் மாறியது. அதுவரை செயலின் நன்மை தீமை பற்றியதாயிருந்த விவாதம், ஆளின் உள்ளமைவு பற்றியதாயிற்று. எய்ட்சு நோயால் இளைஞர் பலர் இறந்துகொண்டிருந்த காலம் அது. நோயாளரின் படுக்கையருகே இருந்த குருக்களுக்கு, இறக்கும் ஒருவரின் அன்பு செலுத்தும் ஆற்றலையே பிறழ்வு எனக் கூறுதல் இயலாததாயிற்று. மக்நீல் தம் மௌனத்தைக் கலைத்து அம்மடலைப் பொதுவில் மறுத்தார். 1987இல் இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலத் துறவு வாழ்வு இவ்வாறு முடிவுற்றது. அதன் பின்னரும் எழுத்துப் பணியையும் வழிகாட்டும் பணியையும் தொடர்ந்த அவர் 2015இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1986ஆம் ஆண்டிலேயே சார்லஸ் கரனும் கத்தோலிக்க இறையியலைக் கற்பிக்கத் தகுதியற்றவர் என உரோமையால் அறிவிக்கப்பட்டார்.

நியூஜென்ட், கிராமிக்: கேட்கப்பட்ட வாக்குமூலம்

மக்நீலிடம் மௌனம் கேட்கப்பட்டது. அடுத்த நிகழ்வில் இதன் மறுதலையைக் காணலாம். கணிதம் பயின்ற அருட்சகோதரி ஜெனீன் கிராமிக் 1971இல் பிலடெல்பியாவில் தன்பாலீர்ப்புடைய இளைஞர் ஒருவரைச் சந்தித்தார். தம்மைப் போன்றோர்க்குத் திருச்சபை என்ன செய்கிறது என்னும் அவ்விளைஞரின் வினாவே கிராமிக்கை இப்பணிக்கு அழைத்துவந்தது. சால்வடோரியன் சபைக் குரு ராபர்ட் நியூஜென்டுடன் இணைந்து 1977இல் 'நியூ வேஸ் மினிஸ்ட்ரி' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். புரூக்ளின் ஆயர் பிரான்சிஸ் முகவேரோ 1976இல் எழுதிய மேய்ப்புப்பணி மடலில் இடம்பெற்ற 'புதிய வழிகள்' என்னும் கருத்திலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. ஆயரின் சொல்லே அமைப்பின் பெயராயிற்று என்பது, இம்முயற்சி திருச்சபையின் எல்லைக்குள் நின்றே தொடங்கியமைக்குச் சான்றாகும்.

1984இல் இருவரும் அமைப்பிலிருந்து விலகுமாறு பணிக்கப்பட்டனர். 1988இல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இருவரும் 1992இல் வெளியிட்ட நூல் உள்ளிட்ட எழுத்துகள் ஆராயப்பட்டன. அவர்கள் திருச்சபையின் போதனையை எடுத்துரைக்கவில்லை என்பதன்று குற்றச்சாட்டு. அதனைத் தெளிவின்றியும், பிற கருத்துகளுக்கும் இடந்தந்தும் எடுத்துரைத்தனர் என்பதே குற்றச்சாட்டு. இறுதியில், தன்பால் செயல்கள் தீயவை என்பதையும் ஈர்ப்பு பிறழ்வானது என்பதையும் தாம் உள்ளத்தால் ஏற்பதாக எழுத்தில் அறிக்கையிடுமாறு இருவரும் கேட்கப்பட்டனர். நியூஜென்ட் சில மாற்றங்களுடன் விடையளித்தார்; அது போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. கிராமிக் தம் தனிப்பட்ட கருத்தை வெளியிட மறுத்துவிட்டார். 1999 ஜூலையில் வெளியான அறிவிப்பு, தன்பாலீர்ப்புடையோரிடையே எவ்விதப் பணியும் ஆற்றுவதற்கு இருவருக்கும் நிலையான தடை விதித்தது.

இங்கு மௌனத்தின் பொருள் மாறியமை கருதத்தக்கது. மக்நீல் பேசியதற்காக மௌனம் விதிக்கப்பட்டது. கிராமிக் தம் உள்ளக்கருத்தைப் பற்றி மௌனம் காத்ததே தண்டனைக்கு ஒரு காரணமாயிற்று. இரு நிகழ்விலும் வினா ஒன்றே: மனச்சான்றின் உள்ளிடத்திற்குள் அதிகாரம் எதுவரை நுழையலாம்? 2000இல் இத்தடையைப் பற்றியே பேசக்கூடாது எனச் சபைத் தலைமைகள் பணித்தபோது நியூஜென்ட் கீழ்ப்படிந்து பங்குப் பணிக்குத் திரும்பினார், 2014இல் மறைந்தார். கிராமிக் கீழ்ப்படிய மறுத்து, 2001இல் லொரேட்டோ சகோதரியர் சபைக்கு மாறித் தம் பணியைத் தொடர்ந்தார். ஒரே பணியைச் செய்த, ஒரே தண்டனையைப் பெற்ற இருவர் வேறு வேறு வழிகளைத் தேர்ந்தனர். ஒருவரின் கீழ்ப்படிதலைக் கோழைமை என்றோ மற்றவரின் மறுப்பை அகந்தை என்றோ கொள்ளுதற்கு இடமில்லை. இருவரும் தத்தம் மனச்சான்றின்படியே நடந்தனர் எனலாம்.

அலிசன், ஃபார்லி: வாதத்தின் வளர்ச்சி

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இவ்வாதம் இரு திசைகளில் வளர்ந்தது. 1959இல் பிறந்த ஆங்கிலேயரான ஜேம்ஸ் அலிசன், சீர்திருத்தச் சபைக் குடும்பத்திலிருந்து கத்தோலிக்க மறைக்கு வந்து தொமினிக்கன் சபையில் பயின்ற குரு ஆவார். பலியாடு பற்றிய ரெனே ஜிராரின் மானிடவியற் கொள்கையே அவர் ஆய்வின் அடிப்படை. ஒரு சமூகம் தன் பூசல்களைத் தீர்த்துக்கொள்ள ஒருவரைக் குற்றவாளியாக்கி வெளியேற்றுகிறது. அவ்வெளியேற்றத்தால் ஒற்றுமை அடைகிறது. சிலுவையில் அறையப்பட்ட இயேசு இச்செயல்முறையின் பொய்மையை வெளிப்படுத்தினார் என்பது ஜிராரின் கருத்து. 2001இல் வெளிவந்த தம் நூலில் அலிசன், யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவிக் குருடரின் கதையை இந்நோக்கில் விளக்கினார். பார்வை பெற்றவரைத் தொழுகைக்கூடத்தார் வெளியேற்றுகின்றனர். கதையின் தொடக்கத்தில் பாவம் குருடரின் குறைபாடாகக் கருதப்படுகிறது; முடிவில் வெளியேற்றும் செயலே பாவமாகப் புலப்படுகிறது. அதே வேளையில் வெளியேற்றப்பட்டவரும் மனக்கசப்பில் தங்கிவிடாது விடுபட வேண்டும் என அலிசன் வற்புறுத்தினார். அருள் இயற்கையை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்னும் மரபுக் கோட்பாட்டோடு 'புறநிலைப் பிறழ்வு' என்னும் வரையறை பொருந்தாது என்பதும் அவர்தம் வாதமாகும்.

யேல் பல்கலைக்கழக இறையியல் பள்ளியின் பேராசிரியரும் இரக்கத்தின் சகோதரியர் சபையினருமான மார்கரெட் ஃபார்லி 2006இல் வெளியிட்ட நூல், நீதியை அளவுகோலாக முன்வைத்தது. தீங்கிழையாமை, தன்விருப்பான இசைவு, இருவழிப் பங்கேற்பு, சமன்மை, பற்றுறுதி, பயன்விளைவு, சமூகநீதி ஆகிய ஏழு நெறிகளை அவர் வகுத்தார். இவை ஆண்-பெண் உறவிற்கும் தன்பால் உறவிற்கும் ஒருபடித்தாகப் பொருந்துவன. எனவே இது சலுகை கோரும் வாதமன்று. திருமணத்திற்குள் நிகழும் வன்முறையையும் அதே கோலால் அளக்கும் கடுமையான அறநெறியாகும். 2012இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இந்நூல் திருச்சபைப் போதனையோடு முரண்படுகிறது என அறிவித்தது. அதிகாரப்பூர்வப் போதனையை எடுத்துரைப்பது தம் நூலின் நோக்கமன்று என ஃபார்லி விடையளித்தார். அமெரிக்கக் கத்தோலிக்க இறையியல் கழகம் அவருக்கு ஆதரவு தெரிவித்தது.

2013க்குப் பின்

2013 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவிலிருந்து திரும்பும் விமானத்தில், இறைவனைத் தேடும் தன்பாலீர்ப்புடைய ஒருவரைத் தீர்ப்பிடத் தாம் யார் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் வினவியமை உலகெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை நிலைநிறுத்தியபோது, தன்பாலீர்ப்புடையோரைத் திருச்சபை குற்றவாளிகளாகக் கருதியதில்லை என மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ் கூறியதும் குறிப்பிடத்தக்கது. வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய அப்பிரிவின் பகுதியை அந்நீதிமன்றமே 2018இல் செல்லாது என்றது.

எனினும் கோட்பாட்டு வாசகங்கள் மாறவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன்பால் செயல்களையும் ஈர்ப்பையும் குறித்த பழைய வரையறைகளையே கொண்டுள்ளது. அதே நூல் மதிப்பும் பரிவும் நுண்ணுணர்வும் காட்டி அவர்களை ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. இயேசு சபைக் குரு ஜேம்ஸ் மார்ட்டின் 2017இல் வெளியிட்ட நூலில் கோட்பாட்டை விவாதிக்காது இத்தொடரையே தம் வேண்டுகோளின் அடிப்படையாகக் கொண்டார். 2021 மார்ச்சில் தன்பால் இணையர்க்கு ஆசி வழங்கவியலாது எனப் பேராயம் அறிவித்தபோது, ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளைச் சார்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட இறையியலாளர்கள் எதிர்ப்பறிக்கையில் கையொப்பமிட்டனர். 1976இல் தனியொருவர் நூலில் ஒலித்த குரல் பல்கலைக்கழகத் துறைகளின் குரலாக விரிந்தமைக்கு இது சான்றாகும். 2023 டிசம்பரில் அதே பேராயம், திருமணச் சடங்கின் சாயல் இன்றி அவ்விணையர்க்கு எளிய ஆசி வழங்கலாம் என இசைவளித்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை எனவும் உரைத்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் 2024 ஜனவரியில் இதனைத் தம் நாடுகளில் நடைமுறைப்படுத்துவது பொருந்தாது என்றனர். இவ்வாசிக்கு இரு மாதங்கள் முன்னர், 2023 அக்டோபரில், திருத்தந்தை தம் இல்லத்தில் கிராமிக்கை வரவேற்று உரையாடினார். 1999ஆம் ஆண்டின் தடையை விதித்த நகரிலேயே இச்சந்திப்பு நிகழ்ந்தது.

தொகுப்புரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, இவ்விறையியலாளர்கள் மரபை மறுத்து வாதிடவில்லை. திருநூல், இயற்கைச் சட்டம், அருள் பற்றிய கோட்பாடு, மனச்சான்று பற்றிய சங்கப் போதனை ஆகிய மரபுக் கருவிகளைக் கொண்டே வாதிட்டனர்.

இரண்டாவதாக, செயலைப் பற்றித் தொடங்கிய விவாதம் 1986க்குப் பின் ஆளைப் பற்றியதாகவும், அலிசன் எழுத்தில் வெளியேற்றும் சமூகத்தைப் பற்றியதாகவும், ஃபார்லி எழுத்தில் எல்லார்க்கும் பொதுவான நீதியைப் பற்றியதாகவும் விரிந்தது.

மூன்றாவதாக, ஆணைகள் வாதத்தைத் தாமதப்படுத்தினவேயன்றி முடிவுக்குக் கொண்டுவரவில்லை. 1986ஆம் ஆண்டு மடல் தன் காரணங்களை எடுத்துரைத்தது உண்மை. ஆயினும் எதிர்வாதம் செய்தோர்க்கு அதே அவையில் விடையளிக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை.

நான்காவதாக, கோட்பாட்டு வாசகம் மாறாத நிலையிலும் நடைமுறை மாறியுள்ளது. இம்மாற்றம் நிலைபெறுமா என்பது வாசகத்திற்கும் நடைமுறைக்கும் இடையேயுள்ள இடைவெளியைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

1971இல் ஓர் இளைஞர் எழுப்பிய வினாவிற்குத் திருச்சபையின் முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. எனினும் அவ்வினாவைத் திருச்சபைக்குள் கேட்கத்தக்க வினாவாக ஆக்கியமையே, பேச்சாலும் மௌனத்தாலும் தம் வாழ்வை ஈடாகத் தந்த இவ்விறையியலாளர்களின் பங்களிப்பாகும்.